முப்பத்தோராவது எழுத்து

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் பிஸ்கட் இருந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அதற்குள் இறுவட்டுகள்தான். தாத்தாவின் கல்யாண வீடியோ, பழைய ஒலிப்பதிவுகள் சில, வாப்பா சவூதியிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த ஆங்கில விளையாட்டு ஒன்று, சாச்சா செய்த தமிழ் அரிச்சுவடி ஒன்று. கடைசி இரண்டையும் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

கடந்த ஜூலையில் தாத்தா கட்டாரிலிருந்து ஒரு மாத விடுமுறையில் மாவனல்லைக்கு வந்தார். கூடவே அவரது மகளும் வந்தாள். சின்னவளுக்கு நான்கரை வயது. தோஹாவில் பாலர் பாடசாலைக்குப் போகிறாள். அங்கே ஆங்கிலமும் கொஞ்சம் அரபும். வீட்டில் தாத்தாவும் மச்சானும் தமிழில் கேட்டாலும் அவள் பதில் சொல்வது ஆங்கிலத்தில்தான். தொலைபேசியில் பார்த்தபோது இது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒரே வீட்டில் இருந்து பார்த்தபோதுதான் அது வேடிக்கை இல்லை என்று தெரிந்தது.

உம்மா பல வருடங்களாக எங்கள் வீட்டு முன் ஹோலில் முன்பள்ளி நடத்தியவர். ஊரில் எத்தனையோ பிள்ளைகளின் கையைப் பிடித்து 'அ' எழுதப் பழக்கியவர். அவருக்குச் சொந்தப் பேத்தியோடு பத்து நிமிடம் பேச முடியவில்லை.

"நான் சொல்றது அவளுக்கு விளங்குதில்ல, அவள் சொல்றது எனக்கு விளங்குதில்ல. ரெண்டு பேரும் ஆளையாள் பார்த்துச் சிரிச்சிக்கிட்டே ஈக்கிறோம்" என்றார் உம்மா. அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தாத்தாவின் முகம் மாறிவிட்டது.

"அங்க இங்லீஷ் இல்லாட்டி புள்ள தனிச்சிப் போயிரும் உம்மா. நான் என்ன செய்ய?"

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழும்பி அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

சின்னவள் பகல் முழுவதும் தாத்தாவின் தொலைபேசியோடு இருந்தாள். ஒரு வீடியோ முடிய முன்னர் அடுத்தது வரும். இடையில் விளம்பரம் வரும். அவள் எதையும் முழுதாகப் பார்ப்பதில்லை, விரல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தபோதுதான் நான் அந்த வயதில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்ற நினைவு வந்தது. அலுமாரியில் ஏறி டின்னை இறக்கினேன்.

வாப்பா கொண்டுவந்த விளையாட்டில் புட் புட் என்று ஊதா நிறத்தில் ஒரு சின்னக் கார். மிருகக்காட்சிசாலை திறக்கப்போகும் நாளில் ஆறு குட்டி மிருகங்கள் காணாமற் போய்விடும். கார் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதில் ஒரு யானைக்குட்டியும் உண்டு. பின்னவலையில் யானைக்குட்டிகளுக்குப் போத்தலில் பால் கொடுப்பதைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, அது எங்கள் ஊர் யானையாகவே தோன்றும். 1995இல் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டு அது. நான் விளையாடியபோதே அதற்கு என்னைவிட வயது அதிகம். அதில் விளம்பரம் இல்லை. நாம் ஒன்றும் செய்யாவிட்டால் கார் அப்படியே நின்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கும். பிள்ளை யோசித்து முடியும் வரை அது காத்திருக்கும்.

ஆனால் விளையாடக் கணினி எங்கே? எங்கள் பழைய மேசைக் கணினி நான் ஆறாம் தரத்தில் இருந்தபோது ஒரு ஏப்ரல் பின்னேர இடியில் போய்விட்டது. இப்போது இருப்பது என் படிப்புக்காக வாங்கிய மடிக்கணினி. அதில் இறுவட்டுப் போடும் இடமே இல்லை.

ஊரில் யாரிடம் இன்னும் இறுவட்டு இயக்கி இருக்கும் என்று யோசித்தபோது வாப்பாவுக்குத்தான் சட்டென்று பட்டது. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ! பழைய கல்யாணங்களைப் பென் டிரைவில் மாற்றித் தரச் சொல்லி ஆட்கள் வருவதால் அவர்கள் அதைக் கைவிடவில்லை. வாப்பாவோடு போனேன். அங்கிருந்த நானா இறுவட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துடைத்தார். வட்டமாகத் துடைத்தால் கீறல் தகவல் ஓடும் பாதையோடு சேர்ந்து போகும், பிறகு வாசிக்கவே முடியாது என்றார். இரண்டு இறுவட்டுகளும் என் பென் டிரைவில் பிரதியாகி வந்தன.

வீட்டுக்கு வந்து திறந்தேன். இந்தச் செயலி உங்கள் கணினியில் இயங்காது என்று ஒரு நீலப் பெட்டி வந்தது. எத்தனை தரம் சொடுக்கினாலும் அதே பெட்டி.

நான் கலைப் பிரிவில் படிப்பவள். ஆனாலும் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறேன். அடுத்த நாள் அந்தப் பாட ஆசிரியையிடம் கேட்டேன். அவர் சொன்னதையும் நானாகத் தேடி வாசித்ததையும் சேர்த்து எனக்கு விளங்கியது இதுதான். அந்தக் காலத்து விண்டோஸ் மென்பொருள்கள் பலவற்றில் 16 பிட் பகுதிகள் உண்டு. பிறகு வந்த 32 பிட் விண்டோஸ் அவற்றையும் இயக்கித் தர, உள்ளே ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்திருந்தது. 64 பிட் விண்டோஸில் அந்த மொழிபெயர்ப்பாளர் இல்லை. 2021இல் வந்த விண்டோஸ் 11 முழுவதுமே 64 பிட்தான். விளையாட்டு பழுதாகவில்லை, கணினியும் பழுதாகவில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்று பேசியவர்தான் போய்விட்டார். எனக்கு உடனே உம்மாவும் சின்னவளும் நினைவுக்கு வந்தார்கள்.

ஆசிரியை இன்னொன்றும் சொன்னார். "வட்டிலப்பம் செய்யும் குறிப்பு வேறு, செய்யும் கை வேறு. கை போனாலும் குறிப்பு இருந்தால் இன்னொரு கை செய்யலாம். உங்கள் விளையாட்டில் குறிப்புத் தனியாக இருக்கிறதா பாருங்கள்."

இருந்தது. 1987இல் ரொன் கில்பேர்ட் என்பவரும் அவரது தோழரும் ஒரு கணினி விளையாட்டுக்காக 'ஸ்கம்' என்ற முறையை உருவாக்கினார்கள். 'இந்தக் கதவைத் தொட்டால் இவர் இப்படிப் பேசட்டும்' என்ற குறிப்புகள் ஒருபுறம், அவற்றை வாசித்து இயக்கும் இயந்திரம் மறுபுறம். அதே கில்பேர்ட் 1992இல் ஷெலி டே என்ற பெண்மணியோடு சேர்ந்து, சிறுவர் விளையாட்டுகளுக்கென்றே ஹியூமங்கஸ் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். புட் புட் அங்கே பிறந்ததுதான். 2001இல் வேறு சிலர் அந்தக் குறிப்புகளை வாசிக்கும் புதிய கை ஒன்றைத் தாங்களாகவே எழுதத் தொடங்கினார்கள். அதன் பெயர் ஸ்கம்விஎம். யாரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. இன்றுவரை பல நாட்டுத் தொண்டர்கள் அதைத் திருத்திப் புதுப்பித்து இலவசமாகத் தருகிறார்கள்.

நான் அதைத் தரவிறக்கி, இறுவட்டில் இருந்த கோப்புகள் எங்கே என்று காட்டிக் கொடுத்தேன். அவ்வளவுதான். ஊதாக் கார் கண்ணைச் சிமிட்டியது. சின்னவள் தொலைபேசியை வைத்துவிட்டு என் மடியில் வந்து உட்கார்ந்தாள்.

அன்று பின்னேரம் முழுவதும் விளையாட்டுத்தான். யானைக்குட்டி கிடைத்தபோது அவள் கை தட்டினாள். நான் பெரிய சாதனை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உம்மா கதிரையின் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் ஈக்கு மகள். ஆனா இதுவும் இங்லீஷ்தானே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்று பட்டது. பிறகு இன்னொன்றும் தெரிய வந்தது. அதே விளையாட்டு இப்போதைய கணினிகளுக்கு ஏற்ற விதத்தில் இணையத்தில் விலைக்கே கிடைக்கிறது. அதாவது, ஏற்கெனவே பலபேர் காப்பாற்றி வைத்திருந்த ஒன்றைத்தான் நான் காப்பாற்றியிருக்கிறேன். டின்னில் இருந்த மற்ற இறுவட்டுக்கு யாரும் இல்லை.

அதைச் சாச்சா 2006இல் செய்தார். அப்போது அவர் கண்டியில் கணினி வகுப்புக்குப் போய்வந்த இளைஞர். உம்மாவின் முன்பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்து, சில பிரதிகள் எடுத்துத் தெரிந்தவர்களுக்கும் கொடுத்தார். உயிரெழுத்துப் பன்னிரண்டு, 'க' முதல் 'ன' வரை பதினெட்டு, ஆக முப்பது எழுத்துகள். எழுத்தைத் தொட்டால் ஒரு படமும் ஒரு சொல்லும் வரும், சொல்லை ஒரு பிள்ளை வாசிக்கும். அந்தப் பிள்ளை வேறு யாருமில்லை, அப்போது எட்டு வயதான எங்கள் தாத்தா.

படங்கள் எல்லாம் எங்கள் ஊருடையவை. 'ம' என்றால் மாவனல்லைப் பாலம். 'ய' என்றால் மஹா ஓயாவில் குளிக்கும் பின்னவலை யானை. 'த' என்றால் தொதல். 'வ' என்றால் வட்டிலப்பம். 'ற'வுக்கு றம்புட்டான். இலக்கணப்படி 'ற' சொல்லுக்கு முதலில் வராது என்று எங்கள் தமிழ் ஆசிரியை சொல்லுவார். ஆனால் ஜூலையில் எங்கள் ஊர்ச் சந்தியில் நிற்கும் எந்தப் பிள்ளைக்கும் 'ற' என்றால் றம்புட்டான்தான். இப்படி ஒரு அரிச்சுவடி உலகத்தில் வேறு எங்கும் விலைக்கு இல்லை.

அதைத் திறந்தேன். வெறும் வெள்ளைத் திரை வந்தது.

சாச்சா அதை ஃபிளாஷ் என்ற மென்பொருளால் செய்திருந்தார். ஒரு காலத்தில் இணையத்தில் இருந்த சிறுவர் விளையாட்டுகளில் பெரும்பகுதி ஃபிளாஷில் செய்தவைதான். பாதுகாப்புக் குறைபாடுகள் உட்படப் பல காரணங்களால் 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு அதற்கான ஆதரவு நிறுத்தப்பட்டது. 2021 ஜனவரி 12 முதல் அந்த இயக்கியில் எதுவும் ஓடாதபடி தடுக்கப்பட்டது. கொரோனாவால் பாடசாலைகள் மூடி நாங்கள் வீட்டில் இருந்த அந்தக் காலத்தில், எத்தனையோ பிள்ளைகளின் விளையாட்டுகளும் சேர்ந்து மூடப்பட்டது எங்களுக்குத் தெரியாது.

இங்கேயும் தொண்டர்கள் கைகொடுத்தார்கள். ரஃபிள் என்ற இலவச மென்பொருள் பழைய ஃபிளாஷ் கோப்புகளைத் திறந்து காட்டும். அதில் போட்டேன். படம் வந்தது. அதன் பின்னால், தகரக் கூரையில் மழை பெய்யும் சத்தத்தோடு, எட்டு வயதுத் தாத்தாவின் குரல் வந்தது. ஆனால் எழுத்து வரவில்லை. 'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் நின்றன: ஜே, கே, பீ, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேற்றுமொழியை வெட்டிவிட்டுத் தமிழை வெளியே எடுக்க வந்தால், தமிழே ஆங்கில வேடம் போட்டு நிற்கிறது!

சாச்சாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் இப்போது ஹெம்மாத்தகமையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். கணினியைத் தொட்டுப் பல வருடம்.

"அது பாமினி மகள்" என்றார் உடனே. "அப்ப எங்களுக்கு அந்த எழுத்துத்தான். ஒன்ட கொம்பியூட்டர்ல பாமினி இல்லாட்டி அப்படித்தான் காட்டும்."

இன்று நாம் தொலைபேசியில் அடிக்கும் தமிழ் யூனிகோட் முறையிலானது. அதில் தமிழின் அடிப்படை எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உலகம் முழுவதும் ஒத்துக்கொண்ட தனி எண்கள் உண்டு. பாமினி அப்படியல்ல. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு அது. கணினியைப் பொறுத்தவரை உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான். எழுத்துரு என்ற உடுப்பைக் கழற்றினால் தமிழ் காணாமற் போய்விடும். நம் நாட்டில் அந்தக் காலத்தில் அச்சடித்த புத்தகங்கள், மலர்கள், வினாத்தாள்கள் எவ்வளவோ இப்படிப் பாமினியில் இருக்கின்றன.

"மூலக் கோப்பு ஈக்கா சாச்சா? அது இருந்தா லேசாத் திருத்தலாம்" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதெல்லாம் அந்தப் பழைய மெஷின்லதான் இருந்திச்சு. வித்த நேரம் எடுத்து வைக்கோணுமெண்டு தோணல்ல" என்றார். பிறகு கேட்டார்: "தாத்தாட சத்தம் இன்னும் கேட்குதா?"

தொலைபேசியை மடிக்கணினிக்குப் பக்கத்தில் பிடித்தேன். "வ... வட்டிலப்பம்" என்றது குரல். சாச்சா ஒன்றும் பேசவில்லை. கடையில் யாரோ ஆணி கேட்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பாமினியை என் கணினியில் நிறுவியதும் எழுத்துகள் சரியாக வந்தன. ஆனால் ஓகஸ்டில் தாத்தா தோஹாவுக்குப் போய்விடுவார். அங்கே சின்னவளின் கையில் இருப்பது டப்லெட். அதில் இந்த வித்தைகள் எல்லாம் சரிவராது. ஆகவே முழுதையும் புதிதாகச் செய்வதென்று முடிவெடுத்தேன். ஃபிளாஷ் கோப்பைப் பிரித்து உள்ளே இருப்பதை எடுத்துத் தரும் ஜேபெக்ஸ் என்ற இலவச மென்பொருளால் முப்பது படங்களையும் முப்பது ஒலிகளையும் வெளியே எடுத்தேன். வகுப்பில் படித்த எச்டிஎம்எல்லால் ஓர் இணையப் பக்கம் எழுதினேன். எழுத்தைத் தொட்டால் படமும் குரலும் வரும். அதற்கு மேல் எனக்குத் தெரியாது, அதற்கு மேல் அதற்குத் தேவையும் இல்லை.

சொற்களைப் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது மட்டும் 'தொதல்' என்னைத் திணறடித்தது. பாமினியில் ஒற்றைக்கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் 'த'வை அடிப்பார்கள், கையால் எழுதும் ஒழுங்கில். யூனிகோடிலோ மெய் முதலில், கொம்பு பிறகு. நான் ஓர் எழுத்துக்கு ஓர் எழுத்தாக மாற்றியதால் கொம்பு ஒரு பக்கமும் 'த' ஒரு பக்கமுமாகப் பிரிந்து நின்றன. கடைசியில், முப்பது சொற்கள்தானே என்று இருந்து கையாலேயே அடித்தேன். உம்மா பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தார். தவணைப் பரீட்சை வருகிறதே என்று இடைக்கிடை ஏசவும் செய்தார். ஆனால் எழும்பிப் போகவில்லை.

முடிந்ததும் சின்னவளைக் கூப்பிட்டோம். அவள் முதலில் தொட்டது யானையை. "ய... யானை" என்றது குரல்.

அது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஒன்ட உம்மா" என்றார் உம்மா. நான் மொழிபெயர்க்கவில்லை. சின்னவள் தாத்தாவைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். நம்பவில்லை. தாத்தா எழும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, திரையில் இருந்த எட்டு வயதுப் பிள்ளையோடு சேர்ந்து "யானை" என்றார். சின்னவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகு மூவருமாக "யானை" என்றார்கள். உம்மா சும்மா இருப்பாரா? எத்தனையோ பிள்ளைகளைப் பழக்கியவர் அல்லவா! அடுத்த எழுத்திலிருந்து வகுப்பு தொடங்கிவிட்டது.

இதனால் சின்னவள் தமிழில் பொழிந்து தள்ளினாள் என்று எழுதினால் அது பொய். விடுமுறை முடியும்போது அவளுக்குப் பதினொரு எழுத்துகள் தெரிந்திருந்தன. அதிலும் 'ண', 'ன', 'ந' மூன்றும் அவளுக்கு ஒன்றுதான். ஆனால் ஒரு நாள் காலையில் அவள் அடுப்பங்கரைக்குப் போய், "உம்மும்மா, வட்டிலப்பம்" என்று கேட்டாள். யாரும் நடுவில் நின்று சொல்லிக் கொடுக்கவில்லை. அன்று எங்கள் வீட்டில் பெருநாளும் இல்லை, விருந்தும் இல்லை. ஆனாலும் வட்டிலப்பம் அவிந்தது.

அவர்கள் போவதற்கு முந்திய கிழமை சாச்சா வந்தார். தான் செய்ததைப் புதிய திரையில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். முடிவில் தலையில் கை வைத்தார். "ஆய்த எழுத்த நான் போடவே இல்லையே!" இத்தனை வருடம் நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

என்ன சொல்லைப் போடுவது என்று எல்லோரும் யோசித்தோம். உம்மாதான் சொன்னார்: "எஃகு. படத்துக்கு ஒன்ட கடையில சாமான் ஈக்குதானே." சாச்சா அடுத்த நாள் கடையிலிருந்து ஓர் எஃகுக் கம்பியின் படத்தை அனுப்பினார். குரல் கொடுத்தது சின்னவள். ஐந்து தரம் 'எக்கு' என்றாள். ஆறாவது தரம் சரியாக வந்தது. அதைத்தான் பதிந்தேன். அன்றும் மழை. பின்னால் கூரைச் சத்தம் கேட்கிறது. முப்பது எழுத்துகளைத் தாயும் முப்பத்தோராவதை மகளும் சொல்கிறார்கள்.

இந்த வேலையில் நான் படித்தது ஒன்று. பழையவை தாமாக நிலைப்பதில்லை, யாரோ ஒருவர் மெனக்கெட்டால்தான் நிலைக்கின்றன. புட் புட்டுக்கு மெனக்கெட உலகம் முழுவதும் ஆட்கள் இருந்தார்கள். பிரான்சில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஜீகொம்ப்ரி என்ற சிறுவர் மென்பொருளும் இன்று வரை உயிரோடு இருக்கிறது. அதன் மூலக் கோப்புகளை எல்லோருக்கும் திறந்து வைத்ததால், பலரும் சேர்ந்து அதைப் புதிதாக எழுதிக் கொடுத்தார்கள். மாவனல்லைப் பாலத்தையும் தொதலையும் வைத்து அரிச்சுவடி செய்ய அவர்கள் வரமாட்டார்கள். அது நம்முடைய வேலை.

இப்போது என் கோப்புகள் மூன்று இடத்தில் இருக்கின்றன. ஒன்று என் கணினியில், ஒன்று சாச்சாவிடம், ஒன்று தோஹாவில். மூலக் கோப்புகளும் சேர்த்துத்தான். இதை வாசிக்கும் தோழியரின் வீட்டு அலுமாரியிலும் ஒரு டின் இருக்கலாம். உம்மாவோ சாச்சாவோ எப்போதோ செய்து வைத்த ஏதோ ஒன்று அதற்குள் இருக்கலாம். செய்தவர்கள் நம் பக்கத்தில் இருக்கும்போதே அதைத் திறந்து பாருங்கள். எழுத்து விளங்காவிட்டால் கேட்பதற்கு ஆள் இருக்க வேண்டும்.

சென்ற வெள்ளிக்கிழமை தோஹாவிலிருந்து ஒரு குரற்பதிவு வந்தது. சின்னவள்தான். "உம்மும்மா, றம்புட்டான் முடிஞ்சா?" என்று கேட்டிருந்தாள். உம்மா அதை ஏழு தரம் கேட்டுவிட்டார். பதில் அனுப்ப எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று இப்போது என்னிடம் படித்துக்கொண்டிருக்கிறார்.